அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அக்ரிமென்டைப் படியுங்கள்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம்

"வாடகை பதினைந்தாயிரம், அட்வான்ஸ் பத்து மாசம்." சென்னையில் வீடு தேடியவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஒன்றரை லட்சம் ரூபாயை எப்படியோ புரட்டிக் கொடுக்கிறோம். புரோக்கர் கொண்டுவரும் அக்ரிமென்டில் அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். காலி செய்யும் நாளில் வரும் சண்டை பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பதை இந்தச் சட்டம் முடிவு செய்வதில்லை. இருவரும் பேசி ஒப்புக்கொண்டதுதான் வாடகை. அதனால் எழுத்தில் என்ன இருக்கிறது என்பது முன்பைவிட இப்போது மிக முக்கியம்.

அட்வான்ஸையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பதினைந்தாயிரம் வாடகைக்கு 45,000 ரூபாய். ஆனால் அதே பிரிவில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, என்ற நிபந்தனையும் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு "சட்டப்படி மூன்று மாதம்தானே" என்று கேட்டால் அது நிற்காது. குறைக்கச் சொல்லிப் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்தான்.

பெயின்ட் விஷயமும் இப்படித்தான். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர் பைப் லைன் மாற்றுவது, வயரிங், கட்டட அமைப்பில் வரும் பழுது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், கீசர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இதையும் ஒப்பந்தத்தால் மாற்றி எழுதிக்கொள்ள முடியும். நாங்கள் தாம்பரம் பக்கம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது பெயின்டுக்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வரி அக்ரிமென்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை. அந்தப் பணம் அப்போது எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட பணம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, "பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிவு எதற்கு?" என்ற நம்பிக்கை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம் என்பதால் வந்த பழக்கம் அது. புதிய சட்டத்தில் காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் இந்த அதிகாரி. இதற்கென்று தமிழக அரசின் தனி இணையதளம் உண்டு. விண்ணப்பத்தை உரிமையாளர்தான் போட வேண்டும் என்றில்லை, வாடகைதாரரும் போடலாம். பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். பதிவாகாத ஒப்பந்தம் சான்றாக ஏற்கப்படாது என்று சட்டத்தின் 4-ஏ பிரிவு சொல்கிறது. கையில் அக்ரிமென்ட் இருந்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான்.

வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் அந்தப் பதிவே போதும். வீட்டைக் காட்டுபவர் உண்மையான உரிமையாளர்தானா என்று சொத்துவரி ரசீதிலும் மின்கட்டண அட்டையிலும் இருக்கும் பெயரைப் பார்த்துவிடுங்கள். ஒத்திக்கு, அதாவது லீஸுக்கு, லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள், அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கரன்ட் பில்: உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, சப் மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு வந்து சேருவதில்லை.

சண்டை வந்துவிட்டால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரம் கிடையாது. லிஃப்ட், மாடிப்படி விளக்கு போன்றவற்றுக்கும் இது பொருந்தும். வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். நீங்களாகக் காலி செய்யாத பட்சத்தில், வெளியேற்றுவதற்கு உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். அதே சமயம், ஒப்பந்தமே போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் வாடகையைப் பாக்கி வைப்பதும் அப்படி உத்தரவு கேட்க அவருக்குக் காரணமாகிவிடும்.

குடிபோகும் நாளிலேயே சுவர், தரை, குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போதும் அதேபோல் படம் எடுத்து, சாவியை ஒப்படைத்த தேதியை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி வந்தால், காட்டுவதற்கு அந்தத் தாள் உங்களிடம் இருக்கும்.