கம்பஸை விட்டுக் குதிரை லாயத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்தில் கால்நடை வைத்தியராக இருக்கும் எனக்கு மாடும் ஆடும் நாயும்தான் அன்றாட வேலை. ஆனாலும் குதிரையைப் பற்றிக் கேட்டு வரும் பிள்ளைகள் உண்டு. "டொக்டர், படிப்பில மனமில்லை. குதிரையோட வேலை செய்யத்தான் விருப்பம். கம்பஸை விடட்டோ?" என்று கேட்பார்கள். பெரும்பாலும், குதிரைகள் தாமாகத் திரியும் நெடுந்தீவுக்குப் போய் வந்தபின் பிடித்த ஆசை. அதைச் சின்னப் பிள்ளை ஆசை என்று நான் தள்ளுவதில்லை. இது உழைப்பும் அறிவும் கேட்கும் தொழில். ஆனால் விலகல் கடிதம் கொடுக்க முன் சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெடுந்தீவுக் குதிரைகளை வைத்து இந்தத் தொழிலைக் கணக்குப் போடாதீர்கள். குறிகட்டுவானில் படகேறிப் போய் நாம் பார்ப்பவை, ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்து, இன்று ஆளில்லாமல் தாமாகத் திரிபவை. பழைய லாயத்தின் இடிபாடு இப்போதும் அங்கே நிற்கிறது. இந்தக் குதிரைகளுக்குச் சேணமும் இல்லை, லாடமும் இல்லை. 2015இல் அங்கே தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாட்டைப் பார்த்து மனம் வருந்தி உதவுவது நல்ல காரியம்தான். ஆனால் அது சம்பளம் தரும் வேலை அல்ல.

இலங்கையில் இந்த வேலை கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. பொலிஸ் குதிரைப் பிரிவு, கொழும்புப் பக்கத்துச் சவாரிப் பள்ளிகள், நுவரெலியாவின் பந்தயக் குதிரைகளும் சவாரிக் குதிரைகளும், பெரும்பாலும் அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்தபடி செய்யலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

வேலை எப்படியிருக்கும்? சவாரி அதில் சிறு பங்குதான். விடிய முன் எழும்பி லத்தி அள்ள வேண்டும். 450 கிலோ எடையுள்ள குதிரை ஒன்று நாளுக்கு 9 கிலோ அளவில் காய்ந்த புல் தின்னும், 25 முதல் 50 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். அதையெல்லாம் தூக்கிச் சுமப்பது நீங்கள்தான். நாள்தோறும் நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுக் கோளாறு வந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். முன்காலால் தரையைப் பிறாண்டும், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும், படுத்துப் புரளும், லத்தி போடாது. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய நாடி, வலியில் ஏறிவிடும். இதை முதலில் காண்பவர் வைத்தியர் அல்ல, பராமரிப்பவர். "நேற்றைவிடப் புல் மிச்சம் விட்டிருக்கு" என்று அவர் சொல்லும் அந்த ஒரு வரி, எங்கள் மருந்துப் பெட்டியில் உள்ள எதையும்விடப் பெறுமதியானது. இப்படிப் பார்க்கும் கண் உங்களுக்கு இருந்தால் இந்தத் தொழில் உங்களை ஏமாற்றாது. படத்துக்கு நிற்கும் ஆசை மட்டும் என்றால் ஒரு மாதம் தாங்காது.

அதனால் பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு லாயத்தில் போய் நின்று பாருங்கள். சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை, மழையிலும் வெயிலிலும் நில்லுங்கள். போக முன் ஏற்புவலி ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். குதிரை லத்தியிலும் மண்ணிலும் அந்தக் கிருமி இருக்கும். தலைக்கவசம் இல்லாமல் ஏறச் சொல்லும் இடத்தில் ஒருநாளும் நிற்க வேண்டாம். குதிரையின் பின்னால் மௌனமாகப் போகாதீர்கள். உதை எலும்பை முறிக்கும்.

பிறகும் மனம் மாறாவிட்டால், சரி, போகலாம். ஆனால் இடத்தைக் கைவிட முன், படிப்பை ஒத்திவைக்க வழி இருக்கிறதா என்று பீட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை பதிந்து விலகினால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக மறுபடி இடம் எடுப்பது பெரும்பாடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்தில் இருப்பவர்கள் கால்நடை அறிவியலை எடுக்கலாம். அந்த அறிவு லாயத்திலும் உதவும்.

பெற்றோர்களே, பிள்ளை இப்படிச் சொன்னவுடன் "குதிரைக்காரனாகப் போறியோ" என்று கத்தாதீர்கள். பாடத்தில் தோல்வியா, பகிடிவதையா, காசுக் கஷ்டமா என்று முதலில் கேளுங்கள். அங்கிருந்து தப்புவதற்காகக் குதிரையைச் சொல்லும் பிள்ளைக்குத் தேவைப்படும் உதவி வேறு.

வளைகுடா நாட்டு லாயங்களில் தெற்காசியர் பலர் வேலை செய்கிறார்கள். அந்த வழியாகப் போவதென்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். சம்பளம், வாராந்த விடுமுறை, விபத்துக் காப்புறுதி மூன்றும் உங்களுக்கு விளங்கும் மொழியில் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட முன் அதன் பிரதியை வாங்கி வீட்டில் கொடுத்து வையுங்கள்.