ப்ராசஸரை மாற்றலாமா, பொறுக்கலாமா?

கணினி மெதுவாகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவருபவர்களில் பலர், கோளாறு என்ன என்று சொல்வதற்கு முன்பே, ப்ராசஸரை இப்போதே மாற்றிவிடலாமா அல்லது அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்கிறார்கள். இதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுகிறேன். வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவர் சென்ற ஆண்டு கொண்டுவந்த கணினியில் கூலரின் இடுக்குகள் தூசியால் அடைபட்டு, ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடிந்திருந்தது. ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து பேஸ்ட் தடவிக் கொடுத்தபின், புது ப்ராசஸரைப் பற்றி அவர் மறுபடி பேசவேயில்லை. இரண்டு ரேம் போடவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் இருப்பதும், விண்டோஸ் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடுவதும் இதே வகைதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வேகம் போதவில்லையென்றால் அடுத்து அளந்து பார்க்கவேண்டும். டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்தச் சதவீதம் பலரை ஏமாற்றுகிறது. 8 கோர் (கணக்கிடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள ப்ராசஸரில் ஒரு மென்பொருள் ஒரே த்ரெட்டை முழுமூச்சாகப் பயன்படுத்தினாலும் அங்கே ஏறக்குறைய 6 சதவீதம்தான் தெரியும். அதைப் பார்த்து ப்ராசஸர் சும்மா இருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. அந்த வரைபடத்தின்மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினால் உண்மை தெரியும். விளையாட்டுகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு: ரெசொல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. அசையாமல் நின்றால் ப்ராசஸரைச் சந்தேகிக்கலாம்.

புதிய மாடல் 40 சதவீதம் வேகமானது என்ற விளம்பரத்தையும் இந்த அளவோடு சேர்த்தே படிக்கவேண்டும். உங்கள் வேலை 10 நிமிடம் எடுக்கிறது, அதில் 7 நிமிடம்தான் ப்ராசஸரின் பங்கு என்றால், அந்த 7 நிமிடம் 5 ஆகும். மீதி 3 அப்படியே இருக்கும். ஆக 10 நிமிட வேலை 8 நிமிடமாகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்காகச் செலவு செய்யலாமா என்பதை, அந்த வேலையை நாளுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள் என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

உண்மையான சிக்கல், மதர்போர்டில் ப்ராசஸர் பொருந்தும் இடமான சாக்கெட்டில்தான் தொடங்குகிறது. 2017-இல் வந்த, ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டிலேயே இருக்கும், கணினியைத் தொடக்கும் மென்பொருளை) மட்டும் புதுப்பித்து, 2022-இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் பொருத்த முடிந்தது. அத்தகைய போர்டு உங்களிடம் இருந்தால் அடுத்த தலைமுறைக்குக் காத்திருப்பதைவிட, அந்தச் சாக்கெட்டின் கடைசி நல்ல ப்ராசஸரை வாங்குவதே என் பரிந்துரை. ஏனெனில் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் மதர்போர்டோடு டிடிஆர்5 ரேமும் வாங்கவேண்டியிருக்கும். இன்டெல்லில் நிலைமை வேறு. எட்டாம் தலைமுறையின் சாக்கெட்டிலும் முந்தைய தலைமுறையைப் போல 1151 தொடுமுனைகளே இருந்தன, ஆனாலும் பழைய போர்டுகளில் அது அதிகாரபூர்வமாக இயங்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் இது இப்போது முக்கியமாகிறது: விண்டோஸ் 11 கேட்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்பதால், ஆறாம் தலைமுறை ஐ5-ஐக் கழற்றிவிட்டு அதே போர்டில் ஏழாம் தலைமுறை ஐ7 போடுவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. அப்படிப்பட்டவர்கள் பொறுத்திருந்து போர்டு, ரேம், ப்ராசஸர் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே மேல். மடிக்கணினிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. இன்றைய மாடல்களில் ப்ராசஸர் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

புதிய தலைமுறையின் வெளியீட்டு நாள் அறிவிக்கப்பட்டு, சில வாரங்களே இருந்தால் பொறுங்கள். வதந்தியை நம்பி ஓர் ஆண்டு காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்; அவர்களுக்கு எப்போதுமே அடுத்த வதந்தி ஒன்று வந்துவிடும். பயன்படுத்தியதை வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று: இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறுக்கான மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் மென்பொருள்) திருத்தம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது, ஏற்கெனவே பழுதானவற்றை அது சரிசெய்யாது. எனவே உத்தரவாதம் மீதமிருக்கிறதா என்று கேளுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால், பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழையதை விற்றுவிட்டு, புதியதைப் போட்டு, கறுப்புத் திரையோடு வந்தவர்கள் உண்டு. ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் ஓட்டி, பேஸ்ட் இளகியதும் அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, கூலரை மெல்லத் திருகி எடுக்கவேண்டும். நேராக இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் பின்கள் வளைந்துவிடும்.