வயதைக் கேட்காதீர்கள், பிறந்த ஆண்டைக் கேளுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரிப் பிள்ளைகள் கருத்துக்கணிப்புக்குத் தெருவில் இறங்கும்போது, படிவத்தின் முதல் கட்டத்தில் ‘வயது’ என்று இருக்கும். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பெரியவர்கள் அறுபது, எழுபது என்று முழுசாகத்தான் சொல்வார்கள். பிறந்த ஆண்டைக் கேளுங்கள். தெரியாதென்றால், “சுனாமியப்போ மூத்தவனுக்கு என்ன வயசு, அவன் பொறந்தப்போ உங்களுக்கு?” என்று நெருங்கிப் போங்கள்.

பிறந்த ஆண்டோடு 18-ஐக் கூட்டினால், அவர் அரசியலைக் கவனிக்கத் தொடங்கிய காலம் ஏறத்தாழ கிடைக்கும். 1947-இல் பிறந்தவருக்கு அது 1965, இந்தி எதிர்ப்புப் போராட்டம். ஓட்டு மட்டும் 21-இல்தான். 1971-இல் பிறந்தவருக்கு 1989. அந்த மார்ச்சில்தான் வாக்குரிமை வயது 18 ஆனது. 1986-இல் பிறந்த, கடலூர்க் கடற்கரையின் தேவனாம்பட்டினத்துப் பெண்ணுக்கு 2004, சுனாமி ஆண்டு. அரசு என்றதும் நிவாரணப் பட்டியல் அவர் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

புதுச்சேரியில் கணக்கு இன்னும் சிக்கல். சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவரும் தேராதவரும் ஒரே தலைமுறை, சில வீடுகளில் ஒரே வயிறு. பிரான்சிலிருந்து பென்ஷன் வரும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டையும் பக்கத்து வீட்டையும் ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். 1954 கீழூர் வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு ஆதரவு. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் மக்கள் பிரதிநிதிகள், தெருவில் நின்றவர்கள் இல்லை.

ஒரே ஒரு கணிப்பை வைத்து ‘தலைமுறை மாறிவிட்டது’ என்று எழுதுவதுதான் பெரிய தவறு. கோயில் வரிக்கு இருபது வயதுக்காரர் சலித்துக்கொள்கிறார், அறுபது வயதுக்காரர் முன்னின்று வசூலிக்கிறார். இது தலைமுறையா, வயது செய்யும் வேலையா? இருபது ஆண்டுக்கு முந்தைய இருபது வயதுக்காரர்களின் பதில் கையில் இருந்தால்தான் சொல்ல முடியும். “அப்போ நீங்க என்ன நெனச்சீங்க?” என்று கேட்டு ஈடுகட்ட முடியாது; இன்றைய கருத்தையே அன்றைக்கும் ஏற்றிச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வியின் வாசகமும் கவிழ்க்கும். “சாதி மறுப்புத் திருமணம் சரியா?” என்றால் மூன்று தலைமுறையும் தலையாட்டும். “உங்க வீட்டுப் பொண்ணுக்குன்னா, பத்திரிகை அடிச்சு ஊரைக் கூப்பிடுவீங்களா?” என்று கேளுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகளின் பதில் மாமியாரின் பதில்தான். மருமகளைத் தனியே, வேறொரு நேரத்தில் பாருங்கள். இளைஞர்கள், “எனக்கு ஓகே, வீட்லதான் ஒத்துக்க மாட்டாங்க” என்பார்கள். அதை ‘ஆம்’ பக்கம் தள்ளாதீர்கள். அதற்கென்று படிவத்தில் தனிக் கட்டம் போடுங்கள்.