வெட்டும் முன் எந்த ஹைட்ரேஞ்சியா என்று பாருங்கள்

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் தோட்ட வேலை செய்கிற எனக்கு, ஜூலை பிறந்தால் ஹைட்ரேஞ்சியாப் பூச்செடி பற்றி வருகிற முறைப்பாடு இதுதான்: “தம்பி, இலை செழிப்பாக நிற்கிறது, பூவைத்தான் காணோம்.” போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நோயும் இராது, பசளைக் குறையும் இராது. ஒக்ரோபரில் இலை கூட்டியபோது செடியையும் சேர்த்து யாரோ மொட்டையடித்திருப்பார்கள்.

ஹைட்ரேஞ்சியா என்ற ஒரே பெயரில் குணம் வேறான பல செடிகள் விற்பனையாகின்றன. நீலமும் ரோஸும் பூக்கிற பெரிய இலை வகை, அடுத்த ஆண்டுக்கான மொட்டை முந்திய கோடையின் கடைசியிலேயே பழைய தண்டில் கட்டிவிடும். அதை இலையுதிர் காலத்தில் வெட்டினால் பூவையே வெட்டியதாகிவிடும். வெட்டாமல் விட்டாலும் கடுங்குளிரில் மொட்டு கருகிவிடுவதுண்டு. கூம்பு வடிவக் கொத்தாக வெள்ளை பூக்கும் பனிக்குலேற்றா வகை அப்படியல்ல. வசந்தத்தில் புதிதாக எழும் தண்டில்தான் அது பூக்கும். இரண்டையும் பிரித்தறிய இலையைப் பாருங்கள். முதலாவதில் இலை தடிப்பாகப் பளபளக்கும். இரண்டாவதில் மெல்லியதாக, மினுக்கமின்றி, பல இடங்களில் ஒரே கணுவில் மூன்றாக நிற்கும்.

சிறிய முன் முற்றத்துக்கு நான் சொல்வது இந்த இரண்டாம் வகையின் குட்டை இனமான ‘போபோ’. பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்டது. மூன்று அடிக்கு மேல் பெரிதாக உயராது, ஜன்னலை மறைக்காது. ரொறன்ரோக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

நடுவதில்தான் கோளாறு நடக்கிறது. புதுக் குடியிருப்புகளில் மேல்மண் ஒரு சாண்கூட இராது, அதன் கீழே களிமண். அதில் ஆழமாகக் குழி தோண்டி நல்ல மண்ணை நிரப்பினால் மழைநீர் அங்கேயே தேங்கி வேர் அழுகும். சாடியின் உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், அகலம் மட்டும் இரண்டு மடங்கு தோண்டுங்கள். சாடிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள். தோண்டும் முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து, நிலத்தடி எரிவாயு, மின் இணைப்புகளை அடையாளமிடச் செய்யுங்கள். வீட்டுக்காரருக்கு இது இலவசம். பூங்கன்றுக்கெல்லாம் இது எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு, நான் சிரிப்பதில்லை.

முதற் கோடையில் வாரம் ஒரு முறையாவது வேர் நனைய ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், வெயில் கொளுத்தும் நாட்களில் இரண்டு முறை. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் கிடைத்தால் போதும். பனியுருக்கும் உப்பு வந்து விழுகிற ட்ரைவ்வே ஓரம் மட்டும் வேண்டாம். புல்லுக்குப் போடும் நைதரசன் பசளையை இதற்கும் அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும்.

நீலப் பூ வேண்டுமென்று அடியில் அலுமினியம் சல்பேட் தூவுகிறவர்களுக்கு: மண்ணின் அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறுவது பெரிய இலை வகை. இந்த வெள்ளை அதற்கு மசியாது. செப்ரெம்பரில் தானாகவே இளஞ்சிவப்பாகும், அது நோயல்ல, பூவின் முதுமை. சாமிக்கு வைக்கலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் இலையும் மொட்டும் நஞ்சு என்பதால் குழந்தைகளும் நாயும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இந்த வெள்ளை வகையை வெட்டும் வேலை. காய்ந்த பூங்கொத்துகளைக் குளிர்காலம் முழுவதும் அப்படியே விடுங்கள். பனி உருகிய பின், மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில், ஒவ்வொரு தண்டிலும் மூன்றில் ஒரு பங்கை, நல்ல மொட்டுகளுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். ஈர்க்குப் போன்ற நோஞ்சான் தண்டுகளை அடியோடு எடுத்துவிடலாம். மே பிறந்தும் செடி குச்சியாகவே நின்றால் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஜூன் நடுப்பகுதி வரை ஒன்றுமே துளிர்க்காவிட்டால் கடை ரசீதைத் தேடத் தொடங்கலாம்.