பத்திரம் எழுதினால் விவாகரத்து ஆகிவிடாது

மறுபடியும் ஒரு முத்திரைத்தாள். மேலே தம்பதியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நடுவே, "இன்று முதல் எங்களுக்குள் எந்தப் பந்தமும் இல்லை, மகன் தகப்பனிடம் இருப்பான், ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்" என்று மூன்று வரி. கீழே தாய்மாமனும் ஊர்த் தலைவரும் சாட்சி, பக்கத்தில் நோட்டரி முத்திரை. நாகர்கோவில் கோர்ட்டுக்கு இதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பவிசாகக் கொண்டுவருகிறார்கள். சிலருக்கு அதற்குள் மறுகல்யாணமும் முடிந்திருக்கும்!

20 ரூபாய்த் தாளோ 200 ரூபாய்த் தாளோ, மகளிர் ஸ்டேஷனில் வைத்தே எழுதியிருந்தாலும் சரி, அது விவாகரத்து இல்லை. கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்குத்தான் நோட்டரி முத்திரை. கல்யாணத்தை முறிக்க நோட்டரிக்கு அதிகாரம் கிடையாது. போலீசுக்கும் கிடையாது. கத்தோலிக்க சபையின் மறைமாவட்டத் தீர்ப்பாயம் தரும் திருமண ரத்து சபைக்குள் மட்டும்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லியாகிவிட்டது. சில சமுதாயங்களின் வழக்காற்று மணவிலக்கை இந்து திருமணச் சட்டம் 29(2) விட்டுவைத்திருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டென்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். தாய்மாமன் கையெழுத்து அதற்குப் போதாது. இந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 82ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை சிறை.

இருவருக்கும் சம்மதம் என்றால் நேரான வழி இருக்கிறது. இந்துக்கள் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில், ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தபின் மனு போடலாம். அடுத்த 6 மாதக் காத்திருப்பைத் தக்க காரணம் காட்டினால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் 10ஏ பிரிவு; பிரிந்து வாழ வேண்டிய காலமாகச் சட்டத்தில் அச்சடித்திருப்பது 2 வருடம்.

ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. தாய் "வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்திருந்தாலும் பிள்ளைக்காக மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். 144. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் (2020) பிறகு இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். தொகை மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு. அம்மாமார்களே, "பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் மாதங்களின் பணம் திரும்ப வராது.

"5 வயசு முடிஞ்சா பிள்ளை அப்பாவுக்குத்தானே சார்?" இல்லை. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம், 5 வயதுக்குள் சாதாரணமாகத் தாயிடம் என்கிறது. அதற்குமேல் தானாகக் கைமாறும் என்று எங்கும் இல்லை. பிள்ளையின் நலன் எங்கே என்றுதான் நீதிபதி பார்ப்பார். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையிடமே கேட்கலாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய தந்திரம் ஒன்று: ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையைக் களியக்காவிளை தாண்டிக் கொண்டுபோய்ப் பாறசாலைப் பள்ளியில் சேர்ப்பது. வழக்கும் கேரளாவுக்குப் போய்விடும் என்ற நினைப்பு. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் 9ஆம் பிரிவு கேட்பது, பிள்ளை வழக்கமாக எங்கே வசித்தது என்பதை. நேற்று மாற்றிய விலாசம் அதற்கு உதவாது; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்ற பேர்தான் மிஞ்சும்.

சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். "ஆள் கடலுக்குப் போயிருக்கு", "கல்ஃப்ல இருக்கு" என்றால் வழக்கு நிற்காது, எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யக் கேட்கப் பொதுவாக 30 நாள்தான். தம்பிக்குப் பவர் கொடுத்தால் அவர் மனு போடலாம். உங்கள் வீட்டுக்குள் நடந்ததைக் கூண்டில் ஏறி உங்களுக்காக அவர் சொல்ல முடியாது.

சமரசத்தில் "தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம்" என்று ஒற்றை வரி எழுதாதீர்கள், தயவுசெய்து. எந்த ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரையா, யார் வீட்டில் ஒப்படைப்பது, கிறிஸ்துமஸ் லீவு யாருக்கு, கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு யாருடன், வீடியோ கால் எத்தனை மணிக்கு, எல்லாம் எழுத்தில் வரட்டும். ஸ்கூல் ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்று ஒரிஜினல் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் ஃபீசுக்கு வழியில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள், அல்லது நாகர்கோவில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேளுங்கள். பத்திரம் எழுத உட்காருவதற்கு முன்னால்.