டாக்டர் திரையில் இருக்கிறார், மருந்தளவை யார் கணக்கிடுகிறார்?

"டாக்டர் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. வீடியோவில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு மாத்திரை அளவை மாற்றிவிட்டார். இதை நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீடியோவில் முகத்தை மட்டும் பார்த்து மாற்றியிருந்தால் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல தொலைமருத்துவச் செயலியின் உயிர் வீடியோவில் இல்லை, பின்னால் ஓடும் கணக்கில் இருக்கிறது.

வார்ஃபரினை எடுத்துக்கொள்வோம். ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. குறைந்தால் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனையில் எண் பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கருவி உண்டு. ஆனால் ஒருவருக்கு நாளுக்கு 2 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 10 வேண்டியிருக்கும். ஆளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

போதாததற்குத் தாமதம் வேறு. வார்ஃபரின் ஏற்கெனவே இருக்கும் உறைவுப் புரதங்களை அழிப்பதில்லை, புதிதாக உருவாவதைத்தான் குறைக்கிறது. கையிருப்பு தானாகத் தீர வேண்டும். அந்தப் புரதங்களில் ஒன்றான ஏழாம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இன்னொன்றான இரண்டாம் காரணி பாதியாக இரண்டரை நாளாவது ஆகும். ஆகவே இன்றைய ஐஎன்ஆர் கடந்த பல நாள் மாத்திரைகளின் விளைவு. "இன்னும் ஏறவில்லையே" என்று தினமும் அளவைக் கூட்டினால், அடுத்த வாரம் எல்லாம் சேர்ந்து ஏறும்.

சரி, கணக்குக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1970களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் லூயிஸ் ஷைனர் போன்ற மருந்தியல் ஆய்வாளர்கள், முன்பே தெரிந்ததோடு புதிய அளவீட்டைச் சேர்த்து ஊகத்தைத் திருத்தும் பேயஸ் முறையை மருந்தளவுக்குக் கொண்டுவந்தார்கள். புது நோயாளியைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்பது உண்மையல்ல. அவரைப் போன்ற ஆயிரம் பேரைத் தெரியும். அவர்களின் சராசரித் தேவை 5 மி.கி., ஆளுக்கு ஆள் வேறுபாடு சுமார் 2 என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.) இவருடைய முதல் அளவீடு 3 மி.கி. போதும் என்று காட்டுகிறது. அதிலும் பிழை 2. இரண்டுக்கும் சம நம்பிக்கை, எனவே மதிப்பீடு 4. அடுத்த அளவீடும் 3 என்றால் 3.67, அதற்கடுத்ததும் அப்படியே என்றால் 3.5. கூட்டத்தின் குரல் மெல்ல அடங்கி, இவருடைய உடல் பேசத் தொடங்குகிறது. எப்போது சராசரியைக் கைவிடுவது என்று யாரும் தனியாக விதி எழுத வேண்டியதில்லை!

கருவி மோசமாக இருந்தால்? பிழை 4 என்று வையுங்கள். நம்பிக்கை பிழையின் வர்க்கத்துக்கு எதிராகப் போவதால், அதே முதல் அளவீடு மதிப்பீட்டை 4.6 வரைதான் இழுக்கும். தவறாகக் குத்திய ஒரு சொட்டு ரத்தம் சிகிச்சையையே புரட்டிவிடாது.

ஆனால் அந்த "ஆயிரம் பேர்" யார்? வயது, எடை, வார்ஃபரின் தேவையைக் கூட்டிக் குறைக்கும் சிவைபி2சி9, விகேஓஆர்சி1 என்ற மரபணுக்கள் எல்லாம் சேர்த்தால் தொடக்க ஊகம் கூர்மையாகும். 2013-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் இதைச் சோதித்தன. ஐரோப்பாவில் மரபணு பார்த்துக் கொடுத்தது பலன் தந்தது. அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் பலனில்லை. கறுப்பின நோயாளிகளுக்கு மரபணு பார்க்காத முறையே மேலாக இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் மரபணு மாறுபாடுகள் அந்தக் கணக்கில் இல்லை. செயலியின் பளபளப்புக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது, விடுபட்ட மக்களிடம் தரவு திரட்டக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. டாக்டரின் கைராசியை நம்புவதும், யாருடைய தரவு என்று கேட்காமல் அல்காரிதத்தை நம்புவதும் எனக்கு ஒன்றுதான்.

அப்புறம், கணக்கு வாயை மூட வேண்டிய நேரமும் உண்டு. ஐஎன்ஆர் 2.6 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 4.8 வந்தால், பேசாமல் அளவைத் திருத்திக்கொண்டே போகக் கூடாது. முதலில் கேட்க வேண்டும்: ஒரே நாளில் இரண்டு முறை போட்டுவிட்டீர்களா? புதிதாக ஆன்டிபயாடிக் ஏதாவது? சாப்பாடு குறைந்துவிட்டதா? எங்காவது ரத்தம் கசிகிறதா? கேள்வியில் அதட்டல் இருந்தால் பதிலில் பொய் வரும், ஆகவே வாசகத்தை எழுதுபவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. பதில்களோடு விவரம் டாக்டருக்குப் போகும். அவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை செயலி புதிய அளவு எதையும் காட்டாது.