பனியைத் தள்ளுவதில் எஞ்சினை விட டயருக்கே வேலை அதிகம்

வீட்டிலிருந்து சாலை வரை 30 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு வண்டிப்பாதை. இரவில் 20 செ.மீ. பனி விழுந்திருக்கிறது. மொத்தம் 24 கன மீட்டர். உலர்ந்த புதுப்பனி பஞ்சு போலத்தான் தெரியும். கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலே 2.4 டன் வந்துவிடும். ஈரம் கோத்த பனியானால் ஏழு டன்னையும் தாண்டும். மண்வாரியால் அள்ளி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

25 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டருக்கு இந்த வேலையைச் செய்யத் தாராளமாகத் திறன் உண்டு. இருந்தும் பல நேரம் அது நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றும். டயரின் உராய்வுக் கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கு பிடிப்பாகக் கிடைக்கும் என்ற அளவு, இறுகிய பனியில் சுமார் 0.2, பனிக்கட்டியில் சுமார் 0.1. ஒரு டன் எடையுள்ள வண்டி, நான்கு சக்கரங்களும் இழுத்தாலும், 200 கிலோ எடைக்குச் சமமான விசையைத்தான் தரையில் ஊன்ற முடியும். அதற்கு மேல் எஞ்சினை முறுக்கினால் டயர் பனியைத் தேய்த்து வழவழப்பாக்கும், அவ்வளவுதான். டயருக்குச் சங்கிலி மாட்டுவதும் வண்டிக்கு எடை ஏற்றுவதும் இதற்காகத்தான்.

எடையை எங்கே ஏற்றுகிறோம் என்பது இன்னும் முக்கியம். முன்பக்க லோடர் பனியை அள்ளித் தூக்கியதும் பாரம் முன் அச்சுக்குப் போகிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. சரிவில் இறங்கும்போது லேசான பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டால் பிரேக்கின் பிடி முன்சக்கரங்களுக்கும் கடத்தப்படும். பின்னால் தொங்கும் எடைப்பெட்டி இழுப்பதற்கு மட்டுமல்ல, நிற்பதற்கும் வேண்டும்.

தகடு வைத்துத் தள்ளுவது வேகமான வழி. ஆனால் தள்ளிய பனி சும்மா கிடக்காது. படிகங்கள் நொறுங்கி நெருங்கி, ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் ஓரக்குவியல் கல்லாக இறுகிவிடும். அதனால் முதல் பனியையே பாதையின் விளிம்பைத் தாண்டி நன்றாக வெளியே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தடுத்த பனிக்கு இடமிருக்காது, பாதை குறுகிக்கொண்டே வரும்.

குவிக்க இடமில்லாதபோது கைகொடுப்பது பனி வீசும் கருவி. முன்னால் சுழலும் திருகு பனியை நறுக்கி நடுவுக்குத் தள்ளும், பின்னாலிருக்கும் விசிறி அதை வாங்கிக் குழாய் வழியே வீசும். இணைத்த கருவிகளுக்கு எஞ்சினின் சுழற்சியைக் கொடுக்கும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. அதே வேகத்தில் சுழலும் அரை மீட்டர் விட்டமுள்ள விசிறியின் விளிம்பு நொடிக்கு 14 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு சுமார் 50 கி.மீ. காற்றுத்தடை இல்லையென்றால் பனி 20 மீட்டர் பறக்கும்.

கல் சிக்கினால் திருகை ஓட்டும் தண்டில் உள்ள மெல்லிய ஆணி ‘டக்’கென்று உடைந்து திருகு நின்றுவிடும். அந்த ஆணி உடைவதற்கென்றே செய்யப்பட்டது, அதுதான் கியர்பெட்டியைக் காப்பாற்றுகிறது. கெட்டியான போல்ட் ஒன்றை அங்கே மாட்டினால் அடுத்த கல்லுக்கு கியர்பெட்டியே பலியாகும்.

ஈரப்பனி குழாயை அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சுழற்சி முழுதாக நின்ற பிறகு குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். கையை ஒருபோதும் உள்ளே விடக் கூடாது.